துவர்ப்புன்னா இதுதாம்மா

தெற்கு ஆஸ்திரேலியாவுல ஒயினுக்குப் பேர்போன பரோசாவுக்குப் போகணும்னு நாலஞ்சு வருஷமா வீட்ல பேசிக்கிட்டேதான் இருந்தோம். மெல்போர்ன்ல இருந்து அடிலெய்டுக்கு ஃபிளைட்டு ஒண்ணேகால் மணி நேரம், அங்க இறங்கி வாடகைக்கு கார் எடுத்தா வடகிழக்கா இன்னொரு ஒரு மணி நேரம், அவ்ளோதான் தூரம், ஆனா ஒவ்வொரு தடவையும் பசங்க ஸ்கூலு, அவருக்கு லீவு கிடைக்கலன்னு ஏதோ ஒண்ணு குறுக்க வந்து நின்னுடும். இந்த மார்ச்ல பசங்களை ஃப்ரெண்டு வீட்ல விட்டுட்டு ஒருவழியா கிளம்பிட்டோம், அதுவும் பெரியப்பாவோட. அவர் வேளாண்மைத் துறையில முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்து ரிட்டையர் ஆனவர், மூணு மாசம் எங்க கூட இருக்க வந்திருந்தார், காபியைத் தவிர வேற எந்தப் பழக்கமும் கிடையாது. அவரைக் கூட்டிக்கிட்டு ஒயின் டேஸ்டிங் போறதான்னு எனக்கு ரெண்டு மூணு நாள் யோசனையாவே இருந்துச்சு. எனக்கு சைக்கிள் கத்துக் குடுத்த மனுஷன், அவர் முன்னாடி ஒயின் கிளாஸைக் கையில எடுக்கிறது எனக்கு லேசான விஷயமில்ல.

ஒரு நாள் ராத்திரி சாப்பிடுறப்போ மெதுவா ஆரம்பிச்சேன். "பெரியப்பா, அங்க போனா நாங்க கொஞ்சம் ருசி பாப்போம், உங்களுக்கு சங்கடமா இருக்கும்னா வேற எங்கயாவது போலாம்"னு. அவர் தட்டுல இருந்து தலையைத் தூக்காமலே கேட்டார், "அங்க திராட்சைக் கொடிக்கெல்லாம் என்ன வயசு இருக்கும்?" நான் படிச்சு வச்சிருந்ததைச் சொன்னேன், 1843ல நட்ட கொடி இன்னும் காய்ச்சிக்கிட்டு இருக்காம்னு. கை அப்படியே நின்னுடுச்சு. "நூத்தி எம்பது வருஷமா? சொந்த வேர்லயா நிக்குது, இல்ல ஒட்டுக் கட்டினதா?" சொந்த வேர்தானாம் பெரியப்பான்னேன். "அப்ப போவோம். நீ ருசி பாரும்மா, நான் கொடியைப் பாக்குறேன்"னார். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது, மனசுல இருந்த பாரமும் இறங்கிடுச்சு.

சனிக்கிழமை காலையில முதல்ல ஆங்காஸ்டன் சந்தைக்குப் போனோம், வாரா வாரம் சனிக்கிழமை மட்டும் காலையில நடக்குற சந்தை, பரோசா விவசாயிங்களே கொண்டு வந்து விக்கிறாங்க. ஒரு ரொட்டி, கொஞ்சம் சீஸ், ஆப்பிள் வாங்கிக்கிட்டோம். டேஸ்டிங்குக்கு வெறும் வயித்தோட போகவே கூடாது, இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்லுவேன், ஒவ்வொண்ணும் ஒரு வாய்தான் ஊத்துறாங்கன்னு தோணும், ஆனா ஒரு இடத்துல ஆறு வகைன்னா மூணு இடத்துல பதினெட்டு ஆச்சு, பரோசாவோட ஷிராஸ்ங்கிற சிவப்பு ஒயின்ல ஆல்கஹாலே பதினாலரை பதினஞ்சு சதவீதம் வரும். ஒரு நாளைக்கு மூணு இடத்துக்கு மேல வேண்டாம்னு நாங்க முன்னாடியே பேசி வச்சிருந்தோம். வண்டி ஓட்டுறது வீட்டுக்காரர், இங்க சட்டப்படி ரத்தத்துல ஆல்கஹால் 0.05க்கு கீழதான் இருக்கணும், அதனால அவர் வாயில வச்சு ருசி பாத்துட்டுத் துப்பிடுவார். கவுண்டர்ல அதுக்குன்னே ஒரு சின்ன பக்கெட்டு வச்சிருப்பாங்க. மொதல்ல அவருக்குக் கூச்சமா இருந்துச்சு, அப்புறம் பக்கத்துல நின்ன ஒயின் வியாபாரிங்க எல்லாருமே அதைத்தான் செய்றாங்கன்னு பாத்ததும் சரியாயிடுச்சு.

மார்ச்சுங்கிறது அங்க அறுவடைக் காலம். மலையெல்லாம் காஞ்ச புல்லு, வைக்கோல் கலர்ல கிடக்கும், நடுவுல திராட்சை மட்டும் பச்சையா வரிசை வரிசையா. டனண்டா ஊருக்குள்ள நுழையுறப்பவே கார் ஜன்னலைத் திறந்தா ஒரு வாசனை வரும், பழம் புளிக்கிற வாசனை, மாவு பொங்கி வர்ற மாதிரி, அதோட கொஞ்சம் ஜாம் காய்ச்சுற மாதிரி. ஊரே அந்த வாசனையிலதான் இருக்கு. பெரியப்பா ஜன்னலை மூடவே விடல.

இந்த இடத்துக்கு பரோசான்னு பேர் வச்சது கர்னல் வில்லியம் லைட், அடிலெய்டு நகரத்தைத் திட்டம் போட்டவர். ஸ்பெயின்ல 1811ல பரோஸாங்கிற இடத்துல ஒரு சண்டை நடந்துச்சு, அந்த ஞாபகமா இந்த மலைக்குப் பேர் வச்சார், எழுதுறப்போ ஸ்பெல்லிங் தப்பாகி அதுவே நிலைச்சிடுச்சு. ஆனா மண்ணைத் திருத்தினவங்க வேற. சைலீசியாவுல இருந்து, அதாவது அன்னிக்கு பிரஷ்ய ராஜா ஆட்சியில இருந்த பக்கம், தங்களோட லூத்தரன் கிறிஸ்தவ வழிபாட்டு முறையை மாத்தச் சொன்னதுக்கு ஒத்துக்காம கப்பல் ஏறின குடும்பங்க. 1842ல பெத்தனின்னு முதல் குடியிருப்பு போட்டாங்க. அடுத்த வருஷமே கிறிஸ்டியன் ஆரிக்ட்னு ஒருத்தர் லாங்மைல்ல ஷிராஸ் கொடி நட்டார். நாங்க முதல்ல போனது அங்கதான்.

லாங்மைல் வாசல்ல வண்டியை நிறுத்திட்டு இறங்கினா, உள்ள இருந்த பொண்ணு முதல்ல கேட்ட கேள்வி எங்கருந்து வர்றீங்கங்கிறது. மெல்போர்ன்னு சொன்னதும் அடுத்த கேள்வி, "இந்த ஷூவைப் போட்டுக்கிட்டு சமீபத்துல விக்டோரியாவுல ஏதாவது திராட்சைத் தோட்டத்துக்குப் போனீங்களா?" இல்லன்னு சொன்ன பிறகும், தோட்டத்துக்குள்ள கால் வைக்காம வேலி ஓரமா நின்னு பாருங்கன்னு ரொம்ப மரியாதையா சொன்னாங்க. என் வீட்டுக்காரருக்கு இது கொஞ்சம் அதிகமோன்னு தோணிச்சு. பெரியப்பாவுக்கு முகமே மலர்ந்துடுச்சு. "ஃபிலாக்ஸெராவுக்குத்தானே?"ன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னதும் அந்தப் பொண்ணு கவுண்டரை விட்டு வெளிய வந்துட்டாங்க, அதுக்கப்புறம் அரை மணி நேரம் அவங்க ரெண்டு பேரும்தான் பேசினாங்க, நடுவுல மொழிபெயர்க்கிற வேலை என்னுது.

ஃபிலாக்ஸெராங்கிற அந்தப் பூச்சி ஒரு மில்லிமீட்டர் இருந்தா பெருசு. வேர்ல உக்காந்து சாறு உறிஞ்சும், கொடி சில வருஷத்துல மெல்ல மெல்ல செத்துப்போகும். அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்த கன்னு வழியா 1860கள்ல பிரான்ஸுக்குள்ள நுழைஞ்சுது, அங்கருந்து ஐரோப்பாவோட திராட்சைத் தோட்டங்களை முக்காவாசி தின்னு தீர்த்துடுச்சு. மருந்து எதுவும் எடுபடல, கடைசில அமெரிக்கக் கொடியோட வேர்ல ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் பொழைச்சாங்க. இன்னிக்கு பிரான்ஸ்ல நீங்க பாக்குற கொடி அநேகமா எல்லாமே ஒட்டுதான். ஆஸ்திரேலியாவுல 1877ல விக்டோரியாவுல ஜீலாங் பக்கம் வந்துடுச்சு, எங்க மெல்போர்ன் பக்கம் யாரா பள்ளத்தாக்குலயும் 2006ல கண்டுபிடிச்சாங்க. ஆனா தெற்கு ஆஸ்திரேலியா 1899லயே தனிச் சட்டம் போட்டு வெளிய இருந்து கொடி, மண்ணு எதுவும் உள்ள வராம பாத்துக்கிச்சு. அதனாலதான் ஐரோப்பாவுலயே அழிஞ்சுபோன மாதிரியான சொந்த வேர் கொடிங்க இங்க உசுரோட இருக்கு. ஷூ மண்ணுல ஒட்டி ஒரு பூச்சி வந்துட்டா நூத்தி எம்பது வருஷம் போச்சு. இதை பெரியப்பா எனக்கு விளக்கிச் சொன்னப்போதான், வேலி ஓரமா நிக்கச் சொன்னது எவ்ளோ நியாயம்னு புரிஞ்சுது.

அந்தக் கொடியைப் பத்தி சொல்லணும். கொடின்னே சொல்ல மனசு வரல. அடி மரம் முறுக்கிப் பிழிஞ்ச துணி மாதிரி, பட்டை நார் நாரா உரிஞ்சு, சிலதுல நடுவுல பொந்து விழுந்து மறுபக்கம் வெளிச்சம் தெரியுது, ஆனா மேல பாத்தா இலை அவ்வளவு பச்சை, கொத்துங்க சின்னச் சின்னதா கருநீலமா தொங்குது. பெரியப்பா வேலியைப் பிடிச்சிக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தார். "வேர் எவ்ளோ ஆழம் போயிருக்கும் பாரு, மேல மழை பெஞ்சா என்ன பெய்யாட்டி என்ன"ன்னார்.

அன்னிக்குக் காலையில பறிச்ச ஷிராஸ்ல இருந்து ஒரு கொத்தை அந்தப் பொண்ணு ஒரு கிண்ணத்துல கொண்டு வந்து வச்சாங்க. கடையில வாங்குற திராட்சை மாதிரியே இல்ல. ஒவ்வொண்ணும் ஒரு பெரிய பட்டாணி சைஸ்தான், தோலு தடி, உள்ள விதை ரெண்டு மூணு. இனிப்புன்னா அப்படி ஒரு இனிப்பு, விரல்ல பிசுக்குன்னு ஒட்டிக்குது. நான் சாறை உறிஞ்சிட்டு தோலையும் விதையையும் டிஷ்யூல வச்சேன். பெரியப்பா வைக்கல. தோலைத் தனியா மென்னார், அப்புறம் விதையை கடைவாய்ல போட்டு நறுக்குன்னு கடிச்சார், கண்ணை மூடிக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். "துவர்ப்புன்னா இதுதாம்மா. நீ குடிக்கிறதுல இந்தத் தோலும் விதையும்தான் பேசப்போகுது. கடிச்சுப் பாத்துட்டுக் குடி"ன்னார்.

கடிச்சேன். நாக்கோட ரெண்டு பக்கமும், ஈறுக்கு மேலயும், யாரோ மெல்லிசா சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரு பிடி. எச்சில் வத்திப்போய் வாய் உள்ள இழுக்குது. பச்சைப் பாக்கு மென்னா வருமே, வாழைப்பூ ஆயுறப்போ பச்சையா ஒரு இதழ் கடிச்சா வருமே, அதே. அதுக்கப்புறம் கிளாஸை எடுத்து ஒரு வாய் ஷிராஸ் குடிச்சேன், அங்கயும் அதே பிடி இருந்துச்சு, ஆனா அடங்கி, வழவழன்னு, பழத்துக்குள்ள மறைஞ்சு. இத்தனை வருஷமா ஒயின் குடிச்சிருக்கேன், டானின் டானின்னு ஒயின் ஊத்துற பசங்க சொல்றதைத் தலையாட்டிக் கேட்டிருக்கேன், அது நாக்குல எங்க உக்காருதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

இங்கிலீஷ்ல இதுக்கு சாதாரண ஜனங்க வாயில புழங்குற ஒரு வார்த்தை கிடையாது. காயுது, பிடிக்குது, சொரசொரன்னு இருக்கு, பட்டுத் துணி மாதிரி இருக்கு, தோல் மாதிரி இருக்குன்னு சுத்திச் சுத்தி வருவாங்க. நமக்கு அறுசுவையில ஒண்ணா அது சின்ன வயசுலயே கையில குடுத்து வச்சிருக்காங்க. தோலு, விதை, காம்பு இதுல இருக்கிற டானின்ங்கிற ஒரு பொருள் எச்சில்ல உள்ள புரதத்தைப் பிடிச்சு இழுத்துக்குது, அதனால வாய்ல வழுக்குற தன்மை போய் வறண்ட மாதிரி ஆகுது, டீயில நெல்லிக்காயில பாக்குல எல்லாம் நடக்குறது இதேதான். டேஸ்டிங் ஷீட்ல பிளாக்பெர்ரி, மல்பெர்ரி, லைக்கரிஸ்னு என்னென்னமோ போட்டிருந்துச்சு, நான் அதைக் கவுத்து வச்சிட்டு பின்பக்கம் என் வார்த்தையில எழுத ஆரம்பிச்சேன். ஷிராஸுக்கு நாவப்பழம், மிளகு, கொஞ்சம் கருகின மரம். கிரெனாஷ்ங்கிற இன்னொரு சிவப்பு ஒயினுக்கு ரோஸ், இலந்தவடை, லேசான துவர்ப்பு. இதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல, அந்தப் பொண்ணு கேட்டாங்கன்னு படிச்சுக் காட்டினேன், நாவப்பழம்னா என்னன்னு கேட்டு ஃபோன்ல படம் பாத்து அவங்க பேடுல எழுதிக்கிட்டாங்க. புதுசா டேஸ்டிங் போறவங்களுக்கு என்கிட்ட சொல்ல இருக்கிறது இதுதான், அவங்க ஷீட்டைப் படிக்கிறதுக்கு முன்னாடி நீங்க பொறந்து வளந்த நாக்கு என்ன சொல்லுதுன்னு கேளுங்க.

ரெண்டாவதா போன இடத்தோட பேர் வேண்டாம். உள்ள நுழைஞ்சதும் எங்களை ஒரு பார்வை பாத்துட்டு, எதுவும் கேக்காமலே இனிப்பு மொஸ்காட்டோவை ஊத்தி, உங்களுக்கெல்லாம் இதுதான் பிடிக்கும்னு சொன்னாங்க. நான் ரெட்டு வேணும்னு சொன்னேன், ஊத்தினாங்க, ஆனா ஒவ்வொண்ணும் என்ன ஏதுன்னு பக்கத்து ஜோடிக்குச் சொன்ன விளக்கம் எங்களுக்கு வரல. மொஸ்காட்டோ மேல எனக்குக் கோவம் இல்ல. கேட்டிருக்கலாம், அவ்ளோதான். ரெண்டு கிளாஸோட நன்றி சொல்லிட்டு வெளிய வந்துட்டோம், பெரியப்பா என் தோள்ல கைய வச்சு "வா, அடுத்த தோட்டம் பாப்போம்"னார்.

அடுத்தது ராக்ஃபோர்ட். குரோண்டார்ஃப் ரோட்ல பழைய கல் கட்டடம், உள்ள நுழைஞ்சா தாழ்வான கூரை, ஒரு பத்து பேர் நின்னா நிறைஞ்சிடும். இங்கதான் மரச் சட்டத்தால ஆன பேஸ்கெட் பிரஸ், அதாவது கூடை மாதிரி இருக்கிற பழம் பிழியுற மிஷின், இன்னும் ஓடுது, அறுவடை நேரமானதால நேர்லயே பாத்தோம். புளிச்ச தோலையும் விதையையும் கூடைக்குள்ள அள்ளிப் போட்டு மேல இருந்து மெதுவா அமுக்குறாங்க, சட்டத்துக்கு நடுவுல கருஞ்சிவப்பா சாறு கசிஞ்சு வழியுது, குளவி சுத்துது. அவசரமா அமுக்கினா விதை நசுங்கிக் கசப்பு இறங்கிடும், அதனால மெதுவாத்தான் அமுக்கணும்னு சொன்னாங்க. செக்கு ஓடுற இடத்துல நிக்கிற மாதிரியே இருந்துச்சு. பெரியப்பா பிழிஞ்ச சக்கையை என்ன பண்றீங்கன்னு கேட்டார், அவருக்கு எங்க போனாலும் முதல் கேள்வி அதுதான்.

ராக்ஃபோர்ட்ல நிக்கிறப்போதான் அந்த எம்பதுகள் கதை வந்துச்சு. எழுபதுகள் கடைசில பரோசாவுல திராட்சை தேவைக்கு மேல விளைஞ்சு கிடந்துச்சு, ஜனங்களுக்கு அப்ப வெள்ளை ஒயின்தான் பிடிச்சுது, பழைய ஷிராஸையும் கிரெனாஷையும் சீண்ட ஆள் இல்ல. பீட்டர் லேமன்னு ஒரு ஒயின் மேக்கர், விவசாயிங்ககிட்ட உங்க பழத்தை நான் எடுத்துக்கிறேன்னு வாய் வார்த்தையா சொல்லியிருக்கார், அவர் வேலை பாத்த கம்பெனி வாங்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. சொன்ன சொல்லை மாத்த மாட்டேன்னு 1979ல கடன் உடன் வாங்கி தனிக் கம்பெனி ஆரம்பிச்சு, 1980 அறுவடையில அந்தப் பழத்தையெல்லாம் வாங்கினார். அது ஒரு சூதாட்டம்தான்னு அவருக்கே தெரியும், அதனாலதான் பாட்டில் லேபிள்ல கிளாவர் ராணி சீட்டு. அப்பவும் நிலைமை தேறல. 1987 வாக்குல அரசாங்கமே கொடியைப் பிடுங்கினா பணம் தர்றோம்னு திட்டம் போட்டுச்சு, நூறு வருஷக் கொடிங்க நிறைய அதுல வேரோட போச்சு. 1984ல ராபர்ட் ஓ'கேலகன் ஆரம்பிச்ச இந்த ராக்ஃபோர்ட் மாதிரி சில பேர்தான், பழைய கொடிப் பழத்துக்கு நல்ல விலை குடுத்து, பிடுங்காதீங்கன்னு நிறுத்தி வச்சாங்க.

பெரியப்பா இதைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல. அவரும் அரசாங்கத் திட்டத்தை விவசாயிகிட்ட கொண்டு போற வேலையிலதான் காலத்தைக் கழிச்சவர். காருக்கு நடக்குறப்போ, "காகிதத்துல சரியாத்தான் இருந்திருக்கும். கொடியைப் பிடுங்குனவன் மறுநாள் காலையில எந்திரிச்சு அந்தக் காலி நிலத்தைப் பாத்திருப்பான்ல"ன்னு மட்டும் சொன்னார். இப்ப பரோசாவுல 2009ல இருந்து பழைய கொடிக்குன்னு ஒரு சாசனம் இருக்கு, 35 வயசு ஆனா பழைய கொடி, 70 தாண்டினா தாக்குப்பிடிச்ச கொடி, 100ன்னா நூற்றாண்டுக் கொடி, 125 தாண்டினா மூதாதைக் கொடின்னு பேர். மூதாதைங்கிற அந்தப் பேர் அவருக்கு ரொம்பப் பிடிச்சுது.

மத்தியானம் பெருசா சாப்பிடல. டனண்டாவுல 1924ல இருந்து விறகடுப்புல சுடுற ஏபெக்ஸ் பேக்கரில பன்னும், தேன் பாதாம் மேல ஊத்தின பீனென்ஷ்டிஹ்னு ஒரு கேக்கும் வாங்கி மரத்தடியில உக்காந்து சாப்பிட்டோம். அப்புறம் நுரியூட்பா பக்கம் மேகி பியர்ங்கிற பேர்போன சமையல்காரம்மாவோட பண்ணைக் கடை. அங்கதான் பெரியப்பாவுக்கு குடிக்கிறதுக்கு ஒண்ணு கிடைச்சுது, வெர்ஜூஸ். பழுக்காத பச்சைத் திராட்சையைப் பிழிஞ்ச சாறு, புளிக்க வைக்கிறது கிடையாது, ஆல்கஹால் கிடையாது, சமையல்ல எலுமிச்சைக்குப் பதிலா ஊத்துவாங்க. சோடாவுல கலந்து ஐஸ் போட்டுக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சதும் ஒரு கண்ணைச் சுருக்கினார், அடுத்த நிமிஷம் டம்ளர் காலி. "கிளிமூக்கு மாங்காயைக் கடிச்ச மாதிரி இருக்கு"ன்னு சொல்லி ரெண்டு பாட்டில் வாங்கச் சொல்லிட்டார்.

செப்பெல்ட்ஸ்ஃபீல்டுக்குப் போற ரோட்டுல ரெண்டு பக்கமும் பனை மாதிரி ஈச்ச மரம், கிலோமீட்டர் கணக்கா. 1930கள்ல பெரிய பொருளாதார மந்தம் வந்து ஒயின் விக்காதப்போ, செப்பெல்ட் குடும்பம் ஆளுங்களை வேலையை விட்டு அனுப்பாம இந்த மரங்களை நடச் சொல்லி சாப்பாடு போட்டுச்சாம். வெளிய சும்மா அழகுக்கு நட்டதுன்னு நெனச்சிக்கிட்டு வந்த எனக்கு, திரும்பி வர்றப்போ அந்த ரோடு வேற மாதிரி தெரிஞ்சுது.

செப்பெல்ட்ஸ்ஃபீல்டு ஒயினரியை 1851ல ஆரம்பிச்சது ஜோசஃப் செப்பெல்ட். அவரோட மகன் பென்னோ 1878ல புது ஒயின் கிடங்கு கட்டி முடிச்சப்போ, அந்த வருஷத்து நல்ல ஒயின்ல 500 லிட்டர் பீப்பாய் ஒண்ணை ஒதுக்கி, இதை நூறு வருஷம் யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டார். தொடல. அடுத்த வருஷமும் ஒண்ணு ஒதுக்கினாங்க, அதுக்கடுத்த வருஷமும். 1978ல முதல் பீப்பாயைத் திறந்தாங்க, அன்னிலருந்து வருஷத்துக்கு ஒரு நூறு வயசு ஒயின் வெளிய வருது. ரெண்டு உலகப் போர், பொருளாதார மந்தம், கம்பெனி கை மாறினது எல்லாத்துக்கும் நடுவுல ஒரு வருஷம்கூட விட்டுப்போகல. ஒதுக்கி வச்ச பென்னோ அதைக் குடிக்க உசுரோட இருக்க மாட்டோம்னு தெரிஞ்சுதானே ஒதுக்கினார், அங்க நின்னப்போ எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப ஓடிச்சு.

அங்க நாம பொறந்த வருஷத்து பீப்பாயில இருந்து ருசி பாக்கலாம். மேல் மாடி, தடி மரத் தூண், ஜன்னல் வழியா வெயில், வரிசையா பீப்பாய், ஒவ்வொண்ணு மேலயும் சாக்பீஸ்ல எழுதின மாதிரி வருஷம். ஒயின் புளிச்சிக்கிட்டு இருக்கிறப்பவே திராட்சைச் சாராயத்தை ஊத்தி நிறுத்திடுவாங்க, சர்க்கரை அப்படியே தங்கிடும், அப்புறம் பீப்பாயில வருஷம் வருஷமா தண்ணி ஆவியாகி ஆவியாகி கெட்டியாகும். நான் பொறந்த 1983 ஒரு சின்ன கிளாஸ்ல வந்துச்சு, காபி டிகாஷன் கலரு, ஓரத்துல மட்டும் லேசா பச்சை ஓடுது. கருப்பட்டிப் பாகு, வறுத்த முந்திரி, உலர்ந்த ஆரஞ்சுத் தோல். துவர்ப்பைத் தேடினேன். நாக்கோட ஓரத்துல காலையில உக்காந்த அந்தப் பிடி எங்கயும் இல்ல, வருஷம் போகப் போக அது ஒண்ணோட ஒண்ணு சேந்து கனமாகி அடியில படிஞ்சு, மீதி வழவழப்பா மாறிடும்னு அங்க இருந்தவர் சொன்னார்.

பெரியப்பா பொறந்தது 1949. எனக்குக் கேக்கத் தயக்கம், வீட்டுக்காரர்தான் கேட்டார், "மாமா, உங்க வருஷமும் இருக்கு, மோந்து மட்டும் பாக்குறீங்களா?" பெரியப்பா என்னைப் பாத்தார். அப்புறம் கைய நீட்டினார். கிளாஸ்ல ரெண்டு ஸ்பூன் இருந்திருக்கும், எண்ணெய் மாதிரி கருப்பா, சாய்ச்சா கண்ணாடில பழுப்பா ஒட்டிக்கிட்டு மெல்ல இறங்குது. ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு மூக்குக்குப் பக்கத்துல கொண்டு போய், எடுத்து, திரும்பக் கொண்டு போனார். "அடுக்குப் பானையில இருக்கிற பழைய புளி"ன்னார். கொஞ்சம் கழிச்சு, "அதுல வெல்லம் வச்சிருந்தா வர்ற வாசனை"ன்னார். ரொம்ப நேரம் கழிச்சு, "எங்கம்மா உள் ரூம்பு"ன்னு சொல்லிட்டு கிளாஸை என்கிட்ட குடுத்துட்டார். நான் அதை ஒரே வாயில குடிக்காம மூணு வாயா குடிச்சேன். கண்ணுல தண்ணி வந்துச்சு, அதை மறைக்கவும் இல்ல.

ராத்திரி சாப்பாடு ஆங்காஸ்டன்ல ஒரு சின்ன ரெஸ்டாரண்ட். ஆட்டுத் தோள்கறியை மணிக்கணக்கா அடுப்புல வச்சு எலும்புல இருந்து தானா கழண்டு வர்ற மாதிரி பண்ணியிருந்தாங்க, கூடவே அந்த ஊர்ப் பக்கம் கிரெனாஷும் ஷிராஸும் மட்டாரோவும் கலந்த ரெட்டு. காலையில இருந்து துவர்ப்பைப் பத்தியே நெனச்சிக்கிட்டு இருந்ததால ஒண்ணைக் கவனிச்சேன். வெறும் வாயில பிடிச்ச ஒயின், கொழுப்புள்ள கறி ஒரு துண்டு தின்னுட்டுக் குடிச்சா பிடிக்கிறதே இல்ல, எச்சிலைத் தேடாம கறியில இருக்கிற புரதத்தையும் கொழுப்பையும் பிடிச்சிக்குது, வாய் கழுவின மாதிரி சுத்தமாயிடுது, அடுத்த துண்டு முதல் துண்டு மாதிரியே ருசிக்குது. இதே ரெட்டை நம்ம காரக் குழம்போட குடிச்சா நேர் எதிரு, காரம் ஆல்கஹாலோட எரிச்சலைத் தூக்கி விடும், துவர்ப்பும் முள்ளு மாதிரி நிக்கும். காரத்துக்கு ஈடன் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்ங்கிற வெள்ளை ஒயின்தான், அது பரோசாவுக்குக் கிழக்கால மேட்டுல, குளிர்ச்சியான இடத்துல விளையுறது, எலுமிச்சைப் புளிப்பு, ஆல்கஹாலும் குறைவு. வீட்டுக்கு வாங்கின ஆறு பாட்டில்ல நாலு அதுதான். பெரியப்பா வறுத்த பூசணியும் ரொட்டியும் வெர்ஜூஸ் சோடாவுமா திருப்தியா சாப்பிட்டார், டெசர்ட்டுக்கு வந்த அத்திப்பழத்தைப் பாத்து மரத்துக்கு வயசு கேட்டார்.

தங்குற இடத்துக்குத் திரும்புறப்போ மணி பத்தரை. இருட்டுல தோட்டத்துக்குள்ள பெரிய பெரிய லைட்டோட ஏதோ ஊர்ந்து போச்சு. அறுவடை மிஷினு, வரிசைக்கு மேல கால் பரப்பி நின்னு கொடியை உலுக்கி பழத்தை மட்டும் உதிர்க்குது. பகல் சூட்டுல பறிச்சா தொட்டிக்குப் போறதுக்குள்ள தானா புளிக்க ஆரம்பிச்சிடும், அதனால ராத்திரி குளிர்லதான் பறிப்பாங்க. பழைய கொடிக்கு மிஷின் ஆகாது, அதை இன்னும் கையாலதான். பெரியப்பா வண்டியை ஓரமா நிறுத்தச் சொன்னார். இறங்கல, கண்ணாடியை இறக்கிட்டு வரிசை முடிஞ்சு மிஷின் திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தார், டீசல் புகையும் பழ வாசனையும் சேந்து உள்ள வந்துச்சு.

காலையில ஏர்போர்ட்டுக்குக் கிளம்புறப்போ அவர் சட்டைப் பையில இருந்து மடிச்ச டிஷ்யூ ஒண்ணை எடுத்தார். பிரிச்சா ஏழெட்டு திராட்சை விதை, லாங்மைல்ல நான் துப்பி வச்சதுல இருந்து எடுத்து வச்சிருக்கார். ஊருக்குக் கொண்டு போய் முளைக்குதான்னு பாக்கலாம்னு நெனச்சிருப்பார் போல. கொஞ்ச நேரம் கையில வச்சுப் பாத்துட்டு, "வேண்டாம்மா, அவங்க ஷூவுக்கே அவ்ளோ பாத்தாங்க"ன்னு சொல்லி, டிஷ்யூவைத் திரும்ப நல்லா மடிச்சு, அந்த வீட்டு வாசல்ல இருந்த குப்பைத் தொட்டியில போட்டுட்டு வந்து வண்டியில ஏறினார்.